ரெய்டு 6 அணியில் சிறிய எழுதுதல்கள் மிக மெதுவாக நடக்கின்றன: எந்த அமைப்புகளை மாற்றிப் பார்க்கலாம்?

கேள்வி

வணக்கம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் எட்டு சாட்டா வட்டுகளை, லினக்ஸின் எம்டி மென்பொருள் ரெய்டு வழியாக ஒரே ரெய்டு 6 அணியாக (இரண்டு வட்டுகள் பழுதானாலும் தரவு தப்பும் தொகுப்பாக) அமைத்திருக்கிறேன். சங்க் அளவு, அதாவது ஒரு வட்டில் தொடர்ந்து எழுதப்படும் துண்டின் அளவு, 512 கிலோபைட்; அணியை உருவாக்கும்போது எம்டியின் நிர்வாகக் கருவியான எம்டிஏடிஎம் தானாக வைத்த அளவு அது. கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ், சேவையகத்தின் நினைவகம் 64 ஜிகாபைட்.

இந்த ஓர் அணியின் மேல் இரண்டு வேறுபட்ட வேலைகள் நடக்கின்றன. காப்புப் பிரதிகளாக வரும் பெரிய கோப்புகள் ஒரு பக்கம். பல பயனர்கள் ஒரே நேரத்தில் பதிவுகளைச் சேர்த்தும் திருத்தியும் வரும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மறுபக்கம். பெரிய கோப்புகளைப் படிக்கும் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதும் வேகம்தான், ஆறு தரவு வட்டுகள் சேர்ந்து தர வேண்டியதைவிட மிகவும் குறைவாக இருக்கிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் உறுதியாவதற்குக் கண்கூடாகத் தாமதமாகிறது. காப்புப் பிரதி ஓடும் நேரத்திலோ தரவுத்தளம் சில நொடிகள் முற்றிலும் நின்றுவிட்டுப் பிறகு தொடர்கிறது.

தரவை முன்கூட்டியே படித்துவைக்கும் முன்படிப்பு அளவை 65536 என்று உயர்த்தினேன், எழுதுதலில் மாற்றமில்லை. சங்க் அளவை 64 கிலோபைட்டாகக் குறைக்கும்படி சிலரும், ஸ்ட்ரைப் கேஷை உயர்த்தும்படி சிலரும், கோப்பு முறைமையின் பேரியரை அணைத்துவிடும்படி வேறு சிலரும் சொல்கிறார்கள். இவற்றில் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதைக் காரணத்துடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. அமைப்புகளுக்குள் போவதற்கு முன், இந்த அணியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைத் தாளில் கணக்கிட்டுவிடுவது நல்லது. அந்த வரம்பு தெரியாவிட்டால், எந்த மாற்றம் பலன் தந்தது, எது தரவே முடியாதது என்று பிரித்தறிய வழியில்லை.

7200 சுற்று வட்டு ஒருமுறை சுழல 8.33 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அதில் பாதி, அதாவது 4.17 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கான எட்டு, ஒன்பது மில்லிநொடியையும் சேர்த்தால், அங்குமிங்குமாகச் சிதறிய வேலைகளை ஒரு வட்டு நொடிக்குச் சுமார் 75 வரைதான் முடிக்கும். எட்டு வட்டுகளுக்கு 600. ரெய்டு 6-இல் ஒரு சிறிய எழுதுதலுக்கு, பழைய தரவையும் இரண்டு பாரிட்டிகளையும் (வட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் கணக்கீடுகளையும்) முதலில் படித்து, புதியவற்றைக் கணக்கிட்டு, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். மொத்தம் ஆறு வேலைகள். ஆகவே 600-ஐ ஆறால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 100 சிறிய எழுதுதல்கள்தான் கிடைக்கும். வேலைகள் வரிசையில் நிறையச் சேரும்போது வட்டே அவற்றை வரிசை மாற்றிச் செய்வதால் இது சற்று உயரும் என்றாலும், பல மடங்காக உயராது. அதே எட்டு வட்டுகளை, ஒவ்வொரு தரவையும் இரண்டு வட்டுகளில் வைக்கும் ரெய்டு 10 ஆக அமைத்திருந்தால் ஓர் எழுதுதலுக்கு இரண்டு வேலைகள்தான். கணக்கு 300 என்று வரும்.

இந்த ஆறு வேலைகளில் இன்னொரு சுமையும் ஒளிந்திருக்கிறது. படித்த அதே இடத்தில் உடனே எழுத முடியாது. அந்த இடம் தலையைக் கடந்து போய்விட்டிருக்கும். தட்டு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருந்தாக வேண்டும். தனித்தனியாக வரும் சிறிய எழுதுதல்கள் பாரிட்டி அணியில் இவ்வளவு வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய கோப்புகளின் நிலை வேறு. ஒரு முழு ஸ்ட்ரைப்புக்கு, அதாவது எல்லா வட்டுகளிலும் ஒரே வரிசையில் அமையும் துண்டுகளுக்கு, தேவையான தரவு மொத்தமும் கையில் இருந்தால் பழையதைப் படிக்கவே வேண்டாம்; புதிய தரவிலிருந்தே பாரிட்டியைக் கணக்கிட்டு எட்டு வட்டுகளிலும் ஒரே வீச்சில் எழுதிவிடலாம். உங்கள் அணியில் முழு ஸ்ட்ரைப் என்பது ஆறு தரவு வட்டுகள் பெருக்கல் 512 கிலோபைட், அதாவது 3 மெகாபைட். எம்டி இந்த வேலையை வட்டுக்கு 4 கிலோபைட் கொண்ட சிறு வரிசைகளாகப் பிரித்து, ஸ்ட்ரைப் கேஷில் வைத்துச் சேகரிக்கிறது. அந்தக் கேஷின் இயல்பு அளவு 256. வட்டு ஒன்றுக்கு 1 மெகாபைட், உங்கள் சங்க் அளவில் பார்த்தால் இரண்டே இரண்டு முழு ஸ்ட்ரைப்கள். பல கோப்புகள் ஒரே நேரத்தில் எழுதப்பட்டால் ஒரு ஸ்ட்ரைப் நிரம்புவதற்குள் இடம் தீர்ந்து, பாதி நிரம்பிய ஸ்ட்ரைப்பை எழுதியாக வேண்டிய கட்டாயம் வருகிறது. அதோடு மீண்டும் படித்து எழுதும் பழைய கதை தொடங்கிவிடும்.

இது உங்கள் அணியில் நடக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தரவுத்தளம் அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒரு பெரிய கோப்பை எழுதவிட்டு, வட்டுகளின் செயல்பாட்டைக் காட்டும் ஐஓஸ்டாட் கருவியின் விரிவான வெளியீட்டில் அணியைப் பார்க்காமல் உறுப்பு வட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுதுதல் மட்டுமே நடக்கும் நேரத்தில் வட்டுகளில் படிப்பும் தெரிந்தால், அந்தப் படிப்பெல்லாம் பாரிட்டிக்காக நடக்கும் படிப்புதான். ஸ்ட்ரைப் கேஷை 4096 ஆக உயர்த்தி மீண்டும் பாருங்கள். நினைவகச் செலவு 4 கிலோபைட் பெருக்கல் வட்டுகளின் எண்ணிக்கை பெருக்கல் அந்த எண்; உங்களுக்கு 128 மெகாபைட் ஆகும், 64 ஜிகாபைட்டில் அது பொருட்டே இல்லை. உச்ச வரம்பான 32768 வரை ஏற்றிப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். படிப்பு மறைந்துவிட்ட பிறகு மேலும் ஏற்றுவதால் நினைவகம்தான் வீணாகும் என்பது என் கருத்து.

சங்க் அளவைக் குறைக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 64 கிலோபைட் ஆக்கினால் முழு ஸ்ட்ரைப் 384 கிலோபைட்டாகச் சுருங்கும், நடுத்தர அளவு எழுதுதல்கள் அதை எளிதாக நிரப்பும் என்பது உண்மை. ஆனால் போஸ்ட்கிரெஸ் எழுதும் 8 கிலோபைட் பக்கத்துக்கு இரண்டு அளவிலும் அதே ஆறு வேலைகள்தான். நடுத்தர அளவில் படிக்கும்போதோ, ஒரு வட்டு தனியாக முடித்திருக்கக்கூடிய வேலைக்குப் பல வட்டுகளின் தலைகள் நகர வேண்டிவரும். தரவை வைத்துக்கொண்டே சங்க் அளவை மாற்ற எம்டிஏடிஎம் இடம் தருகிறது என்றாலும், அணியின் ஒவ்வொரு துண்டும் படிக்கப்பட்டு மறுபடி எழுதப்படும். அந்த நெடிய நேரம் முழுவதும் அணி மந்தமாகவே இருக்கும். வேறோர் இடத்தில் முழுக் காப்புப் பிரதி இல்லாமல் அதைத் தொடங்கவும் கூடாது.

கோப்பு முறைமையின் வடிவமைப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸை எம்டியின் மேல் நேரடியாக உருவாக்கியிருந்தால், ஸ்ட்ரைப் அலகு 512 கிலோபைட், அகலம் ஆறு என்பதை அதுவே கண்டுபிடித்திருக்கும். இடையில் ஒரு மெய்நிகர் கணினி இருந்தால் அந்தத் தகவல் கீழிருந்து மேலே வராமல் போகலாம். அப்போது கையால் கொடுக்க வேண்டும். உருவாக்கும்போது, எக்ஸ்எஃப்எஸ் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டின் ஸ்ட்ரைப் அலகு மிகப் பெரியது, 32 கிலோபைட்டாக மாற்றப்படுகிறது என்ற எச்சரிக்கை வந்திருக்கக்கூடும். பதிவேட்டுக்கான வரம்பு 256 கிலோபைட் என்பதால் வருவது அது, கவலைப்பட ஒன்றுமில்லை.

முன்படிப்பைப் பற்றி ஒரு சொல். நீங்கள் கொடுத்த எண் பைட்டுக் கணக்கில் இல்லை. 512 பைட் கொண்ட செக்டர்களின் கணக்கு. ஆக 65536 என்பது 32 மெகாபைட். பெரிய கோப்புகளை வரிசையாகப் படிக்க அது உதவலாம், எழுதுதலோடு அதற்குத் தொடர்பே இல்லை. தரவுத்தளமும் அதே அணியில் இருப்பதால் 8192-ஐ ஒட்டி வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுமொழி 2

பேரியரை அணைக்கும் யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதை ஒருவரும் செய்துவிடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன். ஒரு வட்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லும்போது, அந்தத் தரவு பெரும்பாலும் வட்டின் உள்ளே இருக்கும் கேஷில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அது அழிந்துவிடும். கோப்பு முறைமை தன் பதிவேட்டை எழுதிய பிறகு, அது தட்டில் இறங்கிவிட்டது என்று உறுதி பெறுவதற்காக அனுப்பும் கட்டளையைத்தான் பேரியர் என்கிறோம். அதை அணைத்தால் வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பதிவேடு ஒரு வரிசையிலும் தரவு வேறொரு வரிசையிலும் தட்டில் இறங்கியிருக்கும் நிலையில் மின்சாரம் போனால், பழுதுபார்க்கும் கருவியால்கூட மீட்க முடியாத கோப்பு முறைமை மிஞ்சக்கூடும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்த விருப்பத்தையே லினக்ஸ் 4.19 கெர்னலோடு நீக்கிவிட்டார்கள். இஎக்ஸ்டி4-இல் இன்னும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில், தரவு வட்டில் இறங்கும்வரை காத்திருக்கச் செய்யும் எஃப்சிங்கை அணைப்பதும் இதே வகை ஆபத்துதான். மின்கலம் கொண்ட வன்பொருள் ரெய்டு கட்டுப்பாட்டகத்தில் ரைட்-பேக் (கேஷில் ஏறியதுமே எழுதிவிட்டதாகச் சொல்லும் முறை) பயன்படுத்துவது வேறு விஷயம். அங்கே கேஷ் மின்தடையைத் தாங்கும். அப்போதும் மின்கலம் தேய்ந்தாலோ தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரத்திலோ, பல கட்டுப்பாட்டகங்கள் சொல்லாமலே, வட்டில் எழுதும்வரை காத்திருக்கும் ரைட்-த்ரூ முறைக்கு மாறிவிடும். திடீரென வேகம் சரிந்தால் முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. பேரியரைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். காப்புப் பிரதி மட்டும் ஓடும் நேரத்தில் உறுப்பு வட்டுகளைக் கவனித்தேன். சொன்னபடியே எட்டிலும் படிப்பு தெரிந்தது. ஸ்ட்ரைப் கேஷை 4096 ஆக்கியதும் அந்தப் படிப்பு ஏறக்குறைய மறைந்து, பெரிய கோப்புகளை எழுதும் வேகம் தெளிவாக உயர்ந்தது. 8192-க்கும் 4096-க்கும் வேறுபாடு தெரியாததால் 4096-இலேயே நிறுத்திவிட்டேன். முன்படிப்பையும் 8192-க்குக் குறைத்துவிட்டேன்.

தரவுத்தளத்தின் தாமதம் மட்டும் அப்படியே இருக்கிறது. காப்புப் பிரதி ஓடும்போது சில நொடிகள் நின்றுவிடுவதும் தொடர்கிறது. அளவிடுவதற்காக எஃப்ஐஓ கருவியில் 8 கிலோபைட் எழுதுதல், ஒவ்வோர் எழுதுதலுக்கும் ஒரு எஃப்சிங் என்று வைத்துச் சோதித்தபோதும் அதே நிலைதான். ரெய்டு 6-ஐ விட்டுவிடாமல் இதற்கு வழி உண்டா?

மறுமொழி 3

நீங்கள் செய்த சோதனை சரியானது. அதைக் கோப்பின் மேல் நடத்தினீர்கள் என்றே நம்புகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்கள் எழுதும் சோதனையை அணியின் சாதனத்தின் மேல் நேரடியாக ஓட்டிவிட வேண்டாம், உள்ளே இருக்கும் தரவெல்லாம் அழிந்துவிடும்.

இப்போது உங்களிடம் எஞ்சியிருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். நின்றுவிடும் சிக்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது எளிது. பயன்பாடுகள் எழுதுவதை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் சேர்த்துக்கொள்கிறது. கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 விழுக்காடு சேர்ந்ததும் பின்னணியில் வட்டுக்கு அனுப்பத் தொடங்குகிறது. 20 விழுக்காட்டைத் தொட்டால் எழுதுகிற பயன்பாட்டையே நிறுத்திவைக்கிறது. 64 ஜிகாபைட் கணினியில் இவை சுமார் 6 ஜிகாபைட்டும் 12 ஜிகாபைட்டும் ஆகும். காப்புப் பிரதி இவ்வளவையும் நினைவகத்தில் குவித்துவிட்டு ஒரே மூச்சில் வட்டுகளின் மேல் இறக்கும்போது, தரவுத்தளத்தின் சின்னஞ்சிறு எஃப்சிங் அந்த நீண்ட வரிசையின் பின்னால் நிற்கிறது. விழுக்காட்டுக்குப் பதிலாகப் பைட்டு அளவில் வரம்பு வையுங்கள்: பின்னணி வரம்பு 256 மெகாபைட், மேல் வரம்பு 1 ஜிகாபைட் என்று தொடங்கலாம். பைட்டு அளவைக் கொடுத்ததும் விழுக்காட்டு அமைப்பு தானாகப் பூச்சியமாகிவிடும், அது இயல்பு. காப்புப் பிரதியின் உச்ச வேகம் சிறிது குறையலாம். அதற்கு ஈடாகத் தரவுத்தளம் நிற்காமல் ஓடும். இந்தப் பேரத்தை நான் தயங்காமல் ஏற்பேன், ஏனென்றால் காப்புப் பிரதி சற்றுத் தாமதமாக முடிவதை எந்தப் பயனரும் உணரப்போவதில்லை.

இரண்டாவது, பரிவர்த்தனை உறுதியாவதில் உள்ள தாமதம். இதை ஸ்ட்ரைப் கேஷாலோ சங்க் அளவாலோ தீர்க்க முடியாது. ஒவ்வொரு பரிவர்த்தனையும், போஸ்ட்கிரெஸ் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் (WAL) பதிவேட்டில் ஒரு சிறிய எழுதுதலாகச் சேர்ந்து, உடனே எஃப்சிங் ஆகிறது. எம்டி அந்த உறுதிக் கட்டளையை எட்டு வட்டுகளுக்கும் அனுப்பி, எட்டும் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறது. ஆக ஒவ்வொரு பரிவர்த்தனையும் எட்டில் மிக மெதுவான வட்டின் வேகத்தில்தான் நகரும். முழு ஸ்ட்ரைப் நிரம்பட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை, ஏனென்றால் இப்போதே தட்டில் இறங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டளையின் பொருள்.

ரெய்டு 6-ஐ விட வேண்டாம். வால் பதிவேட்டை மட்டும் அதிலிருந்து வெளியே எடுங்கள். இரண்டு எஸ்எஸ்டிகளை, ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும் ரெய்டு 1 ஆக அமைத்து அதில் வையுங்கள். மின்தடைப் பாதுகாப்பு, அதாவது உள்ளே மின்தேக்கிகள் கொண்ட வகையாக அவை இருப்பது முக்கியம். அத்தகைய எஸ்எஸ்டி தன் கேஷில் இருப்பதை மின்சாரம் போனாலும் எழுதி முடித்துவிடும் என்பதால், உறுதிக் கட்டளைக்கு உடனே பதில் சொல்ல முடிகிறது. மேசைக் கணினிகளுக்கான சாதாரண எஸ்எஸ்டிகள் விளம்பரத்தில் வேகமாகத் தெரிந்தாலும், எஃப்சிங்கில் பல நேரம் தடுமாறுவது இந்த வசதி இல்லாததால்தான். போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் எஃப்சிங் சோதனைக் கருவியை இரண்டு இடங்களிலும் ஓட்டினால் வேறுபாட்டை நீங்களே பார்த்துவிடலாம். தரவுத்தளம் முழுவதுமே அந்த எஸ்எஸ்டிகளில் அடங்கும் என்றால் முழுவதையும் நகர்த்துவது இன்னும் மேல்.

எஸ்எஸ்டி வரும்வரை இரண்டு அமைப்புகள் உதவும். செக்பாயின்ட், அதாவது நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டில் எழுதி முடிக்கும் வேலை, நடக்கும் இடைவெளியின் இயல்பு 5 நிமிடம். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது, அந்த 8 கிலோபைட் பக்கம் முழுவதும் வால் பதிவேட்டில் எழுதப்படுகிறது. இடைவெளியை 15 நிமிடமோ 30 நிமிடமோ ஆக்கி, வால் பதிவேட்டின் மேல் வரம்பையும் அதற்கேற்ப உயர்த்தினால் அந்தச் சுமை குறையும். கணினி திடீரென நின்றால் மீண்டெழ அதிக நேரம் பிடிக்கும் என்பது அதற்கான விலை. மற்றொன்று, ஒத்திசைவான உறுதிசெய்தலை, அதாவது வால் பதிவேடு வட்டில் இறங்கும்வரை பரிவர்த்தனை காத்திருப்பதை, அணைப்பது. இது எஃப்சிங்கை அணைப்பது போன்றதன்று. மின்சாரம் போனால் கடைசி அரை நொடிக்கும் சற்று அதிகமான நேரத்தில் உறுதியானதாகச் சொல்லப்பட்ட பரிவர்த்தனைகள் காணாமல் போகலாம். ஆனால் தரவுத்தளம் சிதையாது. அமர்வுத் தகவல், பார்வையாளர் பதிவு போன்றவற்றுக்கு இதைப் பரிவர்த்தனை அளவிலேயே அணைக்கலாம். பணம் தொடர்பான பதிவுகளுக்கு ஒருபோதும் வேண்டாம்.

மறுமொழி 4

மேலே சொன்னவற்றோடு முழுதும் உடன்படுகிறேன். விடுபட்ட சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எந்தப் பகுதிகளில் எழுதுதல் நடக்கிறது என்று குறித்துவைக்கும் அணியின் உள் பிட்மேப்பைப் பாருங்கள். இதுவரை அமைதியாக இருந்த ஒரு பகுதியில் எழுதும் முன், அந்தப் பகுதிக்கான பிட்டை வட்டுகளில் பதித்துவிட்டுத்தான் எம்டி தரவை எழுதும். சிதறிய எழுதுதல்களில் இது தலையைக் கூடுதலாக அலையவிடும். ஒரு பிட் குறிக்கும் பகுதி பொதுவாக 64 மெகாபைட். பிட்மேப்பை நீக்கிவிட்டு 256 மெகாபைட் அளவில் மீண்டும் சேர்த்தால் அலைச்சல் குறையும், திடீர் நிறுத்தத்துக்குப் பின் ஒத்திசைக்க வேண்டிய பகுதி சற்றுக் கூடும். வேகத்துக்காக அதை அடியோடு நீக்கிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி நீக்கினால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அணி முழுவதையும் ஒத்திசைக்க நேரும்.

வட்டுக்குப் போகும் வேலைகளை வரிசைப்படுத்தும் ஐஓ திட்டமிடியை மாற்ற நினைத்தால் உறுப்பு வட்டுகளில்தான் மாற்ற வேண்டும். எம்டி சாதனத்துக்குத் திட்டமிடி கிடையாது. சுழலும் வட்டுகளுக்கு எம்க்யூ-டெட்லைன் பொருத்தமாக இருக்கும். வட்டுகளின் மாதிரி எண்ணைக் கொண்டு, அவை எஸ்எம்ஆர் வகையா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் அந்த வகை வட்டு ஒன்றே ஒன்று இருந்தாலும், சிதறிய எழுதுதல்கள் தொடரும்போது அணி முழுவதும் அதற்காகக் காத்திருக்கும்.

ஸ்ட்ரைப் கேஷ், முன்படிப்பு, திட்டமிடி ஆகிய மூன்றும் கணினி மறுதொடக்கமானதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சாதனம் தோன்றும்போது தானாக இயங்கும் ஒரு யூடெவ் விதியாக எழுதி வைத்தால், அணி ஒன்றுசேரும் ஒவ்வொரு முறையும் தாமாகப் பொருந்திக்கொள்ளும். நினைவக வரம்புகளை, கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுத வேண்டும்.

மாதந்தோறும் நடக்கும் அணிச் சரிபார்ப்பையும் மறந்துவிட வேண்டாம். அதன் மேல் வேக வரம்பு நொடிக்கு 200000 கிலோபைட், கீழ் வரம்பு 1000. வேறு வேலை நடக்கும்போது கீழ் வரம்பை நோக்கி அது தானாக இறங்கும் என்றாலும், தலைகள் அங்குமிங்கும் ஓடுவதால் தரவுத்தளம் அதை உணரும். சரிபார்ப்பு நடக்கும் நேரத்தில் எடுத்த அளவீட்டை மற்ற நாட்களின் அளவீட்டோடு ஒப்பிட்டால், செய்த மாற்றம் பலனற்றது என்ற தவறான முடிவுக்கு வர நேரும். எனவே எஃப்ஐஓவை ஓட்டும் முன் எம்டியின் நிலைக் கோப்பைத் திறந்து, எந்த ஒத்திசைவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.